பத்து மணிக்கு மைக் ஆஃப்!

ஒரு காலத்தில் இரவு பத்து மணி என்பது கச்சேரி சூடு பிடிக்கும் நேரம். இப்போது அது ஆம்ப்ளிஃபயரை அணைத்துவிட்டு ஒயரைச் சுருட்டும் நேரம். சென்னையின் மேற்குப் புறநகர்களான அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லி வட்டாரத்துத் தெரு அம்மன் கோயில்களில் ஆடித் திருவிழாவின் கணக்கே இந்த ஒரு மாற்றத்தால் புரண்டு கிடக்கிறது.

அன்றெல்லாம் கூழ் வார்ப்பது பகலில். அப்புறம் கரகம், பால்குடம், சாமி ஊர்வலம். நான்கு தெரு சுற்றி அம்மன் நிலைக்கு வருவதற்குள் எட்டரை ஆகிவிடும். வீட்டுக்குப் போய்ச் சாப்பிட்டு, பாயும் தலையணையுமாக ஜனம் வந்து உட்கார ஒன்பதரை. அதற்குள் மேடையில் ‘ஹலோ... மைக் டெஸ்ட்டிங்’ முடிந்து, டிரம்ஸ்காரர் தன் ஸ்னேரை முறுக்கிக்கொண்டிருப்பார். முதல் பாட்டு பிள்ளையாருக்கு, சீர்காழி கோவிந்தராஜன் குரலில் பாடுகிறவர் ஒருவர் மெல்லிசைக் குழுவில் கட்டாயம் இருப்பார். அடுத்து எல்.ஆர்.ஈஸ்வரியின் அம்மன் பாட்டு. அந்தப் பாட்டுக்கு முன்வரிசையில் யாராவது ஒருவருக்குச் சாமி வராமல் போனால் குழுவின் தரத்தையே ஊர் சந்தேகிக்கும். பிறகு எம்.ஜி.ஆருக்கு ஒன்று, சிவாஜிக்கு ஒன்று. இதில் ஒன்று கூடினாலும் குறைந்தாலும் வம்பு. நடுவில் மிமிக்ரி. நள்ளிரவுக்குப் பிறகு இளையராஜா. கூட்டம் தூங்கி விழத் தொடங்கும் இரண்டு மணிக்கு டப்பாங்குத்து.

மேடைக்குத் துண்டுச் சீட்டு போகும். ‘இன்ன தெரு நண்பர்கள் விரும்பிக் கேட்ட பாடல், அன்பளிப்பு ஐம்பது ரூபாய்’ என்று அறிவிப்பாளர் வாசிப்பார். நோட்டைப் பாடகரின் சட்டையில் குண்டூசியால் குத்துவார்கள். எதிர்த் தெருக்காரர் சும்மா இருப்பாரா? நூறு ரூபாயோடு இன்னொரு சீட்டு வரும். குழுக்காரர்களுக்கு அந்தப் பகை நல்ல வருமானம்.

மார்கழியில் மயிலாப்பூரிலும் தி.நகரிலும் நடப்பவற்றுக்குப் பத்திரிகைகளில் தனிப் பக்கம் உண்டு, விமர்சகர் உண்டு, கேன்டீன் அடை அவியலுக்குக்கூட மதிப்புரை உண்டு. ஆடியிலும், பங்குனி உத்திரத்திலும், விநாயகர் சதுர்த்தியிலும், ஆயுத பூஜையிலும் மேற்குப் புறநகர்களில் நடந்த கச்சேரிகளுக்குச் சுவரில் ஒட்டிய போஸ்டரும் ஒரு பிட் நோட்டீஸும்தான் ஆவணம். அதனால்தான் அவை ஒவ்வொன்றாகக் குறைந்தபோதும் யாரும் தலையங்கம் எழுதவில்லை. ஆனால் கூட்டிப் பார்த்தால் இந்த நகரத்தின் மிகப் பெரிய இசை விழா அதுதான். டிக்கெட் கிடையாது, நாற்காலி எண் கிடையாது. பாடுகிறவர்களுக்கு மட்டும் சம்பளம் உண்டு.

யார் கொடுத்த காசு?

அந்தச் சம்பளம் எங்கிருந்து வந்தது என்று பார்த்தால், வழி தொழிற்சாலை வாசலில் போய் முடிகிறது.

அம்பத்தூர் தொழிற்பேட்டை 1964-ல் வந்தது. அதற்கு முன்பே டி.ஐ. சைக்கிள்ஸும் டன்லப் டயர் ஆலையும் அங்கே இருந்தன. பாடியில் லூகாஸ் டி.வி.எஸ்., பிரேக்ஸ் இந்தியா, வீல்ஸ் இந்தியா. ஆவடியில் டாங்கி செய்யும் கனரக வாகனத் தொழிற்சாலை, படைவீரர்களுக்குச் சீருடை தைக்கும் ஓ.சி.எஃப்., டியூப் ப்ராடக்ட்ஸ். கிழக்கே கொஞ்சம் தள்ளி ரயில் பெட்டி செய்யும் ஐ.சி.எஃப். விழுப்புரம், திருவண்ணாமலை, திருநெல்வேலி என்று பல ஊர்களிலிருந்து இங்கே வேலைக்கு வந்தவர்கள் கொரட்டூர், பட்டரவாக்கம், திருமுல்லைவாயல், ஆவடி என்று ரயில் பாதையை ஒட்டி மனை வாங்கினார்கள். முதலில் ஓலை, பிறகு ஓடு, கடைசியில் தளம். வேப்பமரத்தடியில் ஒரு புற்றோ கல்லோ இருந்தால் அதற்கும் மெல்ல ஒரு கோபுரம்.

நிரந்தர வேலை, பி.எஃப்., இ.எஸ்.ஐ., தீபாவளிக்கு போனஸ். 1965-ன் போனஸ் சட்டப்படி குறைந்தது 8.33 சதவீதம், அதிகபட்சம் 20. இருபதை வாங்கிக் கொடுத்த யூனியன்காரருக்கு ஆலைக்குள் என்ன மரியாதையோ அதே மரியாதை தெருவிலும் கிடைத்தது. கோயில் விழாக் குழுவில் பொருளாளர் பதவியும் பல இடங்களில் அவரைத் தேடி வந்தது. கணக்கு எழுதத் தெரியும், நாலு பேரிடம் பேசத் தெரியும், நோட்டீஸ் அடிக்கும் அச்சகமும் பழக்கம். வேறென்ன வேண்டும்?

வசூல் முறை எளிமையானது. ரசீதுப் புத்தகத்தோடு நாலு பேர் கிளம்புவார்கள். சொந்த வீட்டுக்கு ஒரு தொகை, குடித்தனக்காரருக்கு அதில் பாதி, முனைக் கடைக்குக் கொஞ்சம் கூட. கொடுக்காதவர் பெயர் ஊருக்கே தெரியும் என்பதால் எல்லோரும் கொடுத்தார்கள். இந்தக் கட்டாயத்தில் சண்டை உண்டு, கசப்பு உண்டு, கையாடல் புகாரும் உண்டு. புனிதமான ஏற்பாடு என்று சொல்லிவிட முடியாது. சில தெருக்களில் வசூலிக்கவே மாட்டார்கள், அந்தத் தெருக்களுக்குச் சாமியும் போகாது. ஆனால் நூறு வீட்டுக் காசு சேர்ந்து ஒரு மேடை போடும்போது அந்த மேடையில் என்ன பாட வேண்டும் என்று கேட்கும் உரிமை நூறு வீட்டுக்கும் இருந்தது. துண்டுச் சீட்டு அந்த உரிமையின் வடிவம்தான்.

ஆலைகளுக்குள்ளும் விழா உண்டு. ஆயுத பூஜை அன்று மெஷின்களுக்குச் சந்தனம் வைத்து, பொரியும் சுண்டலும் கொடுத்து, குடும்பத்தோடு வரச்சொல்லி, ஷெட்டுக்குள்ளேயே மேடை போட்டுக் கச்சேரி வைத்தார்கள். ரிக்ரியேஷன் கிளப் செயலாளருக்கு அன்று மாப்பிள்ளை மிடுக்கு. தொழிற்பேட்டையில் அன்று எத்தனை குழு வந்தாலும் வேலை இருந்தது. குழுக்காரர்கள் ஆயுத பூஜைத் தேதியை ஆறு மாதம் முன்பே புக் செய்துவிடுவார்கள்.

டன்லப் ஆலை கதவடைப்பு, திறப்பு, மறுபடி கதவடைப்பு என்று பல வருடம் இழுத்துக்கொண்டு கிடந்து கடைசியில் அடங்கிவிட்டது. பல ஆலைகளில் நிரந்தரத் தொழிலாளர் ஓய்வு பெற, அந்த இடத்துக்கு கான்ட்ராக்ட் ஆள் வந்தார். பழைய ஷெட்டுகள் இருந்த மனைகளில் கண்ணாடிக் கட்டடங்கள் எழுந்து ஐ.டி. கம்பெனிகள் குடியேறின. ஆவடியில் 2021 அக்டோபர் 1 அன்று படைக்கலத் தொழிற்சாலைகள் ஏழு கம்பெனிகளாகப் பிரிக்கப்பட்டபோது, டாங்கித் தொழிற்சாலை ஒரு கம்பெனிக்கும் சீருடைத் தொழிற்சாலை இன்னொரு கம்பெனிக்கும் போயின. இவை எதற்கும் பாட்டுக் கச்சேரிக்கும் நேரடித் தொடர்பு இல்லை. ஆனால் பதினொரு மாத ஒப்பந்தத்தில் இருக்கும் இளைஞர் அடுத்த வருடத் திருவிழாவுக்கு யாரிடம், எந்தத் தைரியத்தில் பொறுப்பேற்பார்?

வீடுகளும் மாறின. தனி வீடுகள் இடிந்து அடுக்குமாடிகள் வந்தன. கேட்டில் செக்யூரிட்டி. ரசீதுப் புத்தகம் அந்த கேட்டைத் தாண்டுவதில்லை. அசோசியேஷன் மொத்தமாக ஒரு தொகை கொடுத்துவிட்டு ‘சத்தம் மட்டும் குறைச்சுக்கோங்க’ என்று சேர்த்துச் சொல்லும். குடியிருப்புக்குள் கொலு உண்டு, பொங்கல் உண்டு, கிளப் ஹவுஸில் கரோக்கி போட்டுப் பாடும் பிள்ளைகள் உண்டு. பாதிப் பேர் நன்றாகவே பாடுகிறார்கள். ஆனால் வாசிக்கிற ஆள் யாருக்கும் அங்கே வேலை இல்லை.

வசூல் படுத்த இடத்தில் உபயதாரர் வந்தார். வட்டச் செயலாளர், மனை விற்பவர், புதிதாகத் திறந்த நகைக்கடை. ஒருவரே மொத்தச் செலவையும் ஏற்கும்போது எல்.இ.டி. திரையில் அவர் முகம்தான் ஓடும். நடுவில் அவருக்குப் பொன்னாடை, அவர் பேச அரை மணி நேரம். பத்து மணிக்கு முடிக்க வேண்டிய கச்சேரியில் அரை மணி நேரம் என்பது ஆறு பாட்டு.

பகலில் லேத், இரவில் பேஸ் கிட்டார்

மெல்லிசைக் குழு என்றால் பலருக்கும் நினைவு வருவது லக்ஷ்மன் ஸ்ருதி, சாதகப் பறவைகள் போன்ற பெரிய பெயர்கள். அவர்களுக்குக் கீழே பெயர் தெரியாத அடுக்கு ஒன்று இருந்தது. வேனில் ஆம்ப்ளிஃபயரையும் ஆட்களையும் ஏற்றிக்கொண்டு திருவள்ளூர், அரக்கோணம் வரை போய்வந்த சின்னக் குழுக்கள். அதில் வாசித்தவர்களில் பெரும்பாலோர் முழுநேரக் கலைஞர்கள் அல்லர். பகலில் ஏதோ ஒரு ஆலையில் ஃபிட்டர், ரயில்வேயில் கிளார்க், மின்வாரியத்தில் ஒயர்மேன். இரவில் பேஸ் கிட்டார், தபேலா, டோலக், ட்ரம்பெட். மறுநாள் முதல் ஷிஃப்ட்டுக்குக் கண் சிவக்கப் போய் நிற்பார்கள். ஃபோர்மேன் பாட்டு ரசிகராக இருந்தால் பிழைத்தார்கள்.

இந்த அடுக்கு என்ன செய்தது என்பதற்குத் தமிழ்த் திரையிசையே சாட்சி. பாவலர் வரதராஜனின் குழு கம்யூனிஸ்ட் கட்சி மேடைகளில் பாடிக்கொண்டு ஊர் ஊராகச் சுற்றியது. அதில் ஆர்மோனியப் பெட்டி தூக்கிய தம்பிதான் இளையராஜா. சென்னைக்கு வந்த பிறகு, எஸ்.பி.பாலசுப்ரமணியம் நடத்திய மெல்லிசைக் குழுவில் இளையராஜா கிட்டார் வாசித்தார். அண்ணன் பாஸ்கரும் தம்பி கங்கை அமரனும் கூடவே இருந்தார்கள். 2024 மே 1 அன்று மறைந்த உமா ரமணன், கணவர் ஏ.வி.ரமணனின் மேடைக் கச்சேரிகளில் பாடிய காலத்தில்தான் சினிமாவுக்கும் வந்தார். இவர்கள் யாரும் இசைக் கல்லூரிச் சான்றிதழோடு ஸ்டுடியோ கதவைத் தட்டவில்லை. எட்டு மணி நேரம் மேடையில் நிற்பதும், கரண்ட் போனால் கூட்டத்தைச் சமாளிப்பதும், ஒத்திகை இல்லாத பாட்டைத் துண்டுச் சீட்டு கேட்டுவிட்டால் காதால் பிடித்து வாசிப்பதும்தான் இவர்கள் படித்த படிப்பு.

எல்லோரும் இளையராஜா ஆகவில்லை, ஆகவும் முடியாது. ஆனால் ஆகாதவர்கள் ஆயிரம் பேர் இருந்ததால்தான் ஆனவர்கள் ஒன்றிரண்டு பேர் வந்தார்கள். ஒரு தெருவில் ஒருவர் கீபோர்டு வாசித்தால் அவரிடம் நாலு பையன்கள் கற்றுக்கொள்வார்கள். ‘அண்ணே, இன்னிக்கு டோலக்குக்கு ஆள் வரலை, உங்க தம்பிய அனுப்புங்க’ என்று வரும் ஒரு அவசரத் தகவல் போதும், பதினாறு வயதுப் பையனுக்கு வழி திறந்துவிடும்.

ரோஜாவுக்குப் பிறகு

கச்சேரி குறைந்ததற்குப் போலீஸையும் அபார்ட்மென்ட்டையும் மட்டும் குற்றம் சொன்னால் பாதிக் கதைதான். மீதி, பாட்டுக்குள்ளேயே நடந்தது.

எம்.எஸ்.விஸ்வநாதன் பாட்டையும், எண்பதுகளின் இளையராஜா பாட்டையும் பன்னிரண்டு பேர் இருந்தால் மேடையில் ஏறக்குறைய அப்படியே கொண்டு வந்துவிடலாம். வயலின் கூட்டத்துக்குப் பதில் ஒரு கீபோர்டு, மற்றபடி புல்லாங்குழல், கிட்டார், தபேலா எல்லாம் ஆட்கள் வாசித்தவை. ஆட்களாலேயே திரும்ப வாசிக்கக்கூடியவை. 1992-ல் ‘ரோஜா’ வந்தது. ஏ.ஆர்.ரஹ்மானின் ஒலி கம்ப்யூட்டரில் அடுக்கடுக்காகக் கட்டியது. அதில் கேட்கும் தாளம் எந்த ஒரு வாத்தியத்துடையதும் இல்லை. திருமுல்லைவாயலில் மேடை போட்ட குழுவிடம் ஜனம் அந்தப் பாட்டைக் கேட்டது. தபேலாவால் அதை வாசிக்க முடியவில்லை.

ரோலண்ட் கம்பெனி ஆக்டோபேடை 1985-லேயே கொண்டு வந்திருந்தது. எட்டுச் சதுரம் கொண்ட அந்தப் பலகையில் குச்சியால் தட்டினால் தவில் கேட்கும், பறை கேட்கும், கண்ணாடி உடையும். ஒரே ஆள் மூன்று தாள வாத்தியக்காரர்களின் வேலையைச் செய்தார். குழு ஒன்பது பேரானது. பிறகு ரிதம் ஏற்றிய கீபோர்டு, ஏழு பேரானது. பிறகு லேப்டாப்பில் பாட்டின் பின்னணி முழுதையும் ஓடவிட்டு மேலே பாடும் ‘ட்ராக்’. இன்றைக்குப் பாதி மேடைகளில் நிற்பவர் இரண்டு பாடகர், ஒரு கீபோர்டு, ஒரு பேட், ஒரு லேப்டாப். ட்ரம்பெட் வாசித்தவர் எங்கே போனார் என்று கூட்டத்தில் யாரும் கேட்கவில்லை. பாட்டு சினிமாவில் கேட்ட மாதிரியே இருக்கிறதே!

அந்த ‘மாதிரியே’தான் கத்தி. சினிமாவில் கேட்ட மாதிரியே வேண்டும் என்றால், சினிமாப் பாட்டையே போட்டுவிடலாமே என்று விழாக் குழு யோசிக்க ஆரம்பித்தது. டி.ஜே. வந்தார். ஒரே ஆள், ஒரே வண்டி. சுற்றும் விளக்கு அவரே கொண்டு வருவார். சாப்பாட்டுச் செலவும் ஒரு இலைதான். குழுக்காரர்கள் ஆட்களைக் குறைத்து விலையைக் குறைத்தது பிழைப்பதற்காக. குறைத்துக் குறைத்து, தங்களுக்கும் டி.ஜே.வுக்கும் வித்தியாசமே தெரியாத இடத்தில் போய் நின்றார்கள்.

2006-ல் விஜய் டி.வி.யில் ‘சூப்பர் சிங்கர்’ தொடங்கியதும் இன்னொரு மாற்றம். ஃபிளெக்ஸில் ‘சூப்பர் சிங்கர் புகழ்’ என்று ஒரு முகம் இருந்தால்தான் மதிப்பு. அந்த முகம் நாலு பாட்டுக்கு வரும். பட்ஜெட்டில் பெரும்பங்கு அதற்குப் போகும். மிச்சத்தை வாத்தியக்காரர்கள் பங்கு போட வேண்டும். அந்த நாலு பாட்டுப் பாடும் இளம் பாடகர்களைக் குறை சொல்ல மனம் வரவில்லை, அவர்களின் புகழுக்கு ஆயுள் அடுத்த சீசன் வரைதான்.

ஒரு வேடிக்கை. ஆள் வைத்து வாசிப்பது கட்டுப்படியாகாது என்று சொல்லும் அதே விழாக் குழு, ஊர்வலத்துக்குக் கேரளச் செண்டை மேளத்தை வரவழைக்கிறது. இருபது பேர், வேஷ்டி, பளபளக்கும் மேளம். கல்யாண மண்டப வாசலிலும் அதுதான். அதாவது, கையில் வாத்தியத்தோடு நிற்கும் மனிதர்களைப் பார்க்கும் ஆசை ஜனத்துக்குப் போகவில்லை. ஒரே நேரத்தில் இருபது கை ஏறி இறங்குவதை எந்த ஸ்பீக்கராலும் காட்ட முடியாது. நம் நாதஸ்வரக்காரரும் பேண்டு செட்காரரும் அதே ஊர்வலத்தில் பின்னுக்குப் போய்விட்டார்கள் என்பது அதன் மறுபக்கம். போகிற போக்கில் இதையும் சொல்ல வேண்டும்: ஆர்க்கெஸ்ட்ரா வந்தபோது அது யாரை வெளியேற்றியது? விடிய விடிய நடந்த தெருக்கூத்தை. பூந்தமல்லிக்கு மேற்கே கூத்து மேடைகள் குறைந்ததற்கு மெல்லிசைக் குழுக்கள் கண்ணீர் விட்டதாகத் தகவல் இல்லை.

சட்டம் சொல்வது என்ன?

ஒலி மாசு விதிகள் 2000-ல் வந்தவை. இரவு பத்து முதல் காலை ஆறு வரை திறந்தவெளியில் ஒலிபெருக்கி கூடாது. குடியிருப்புப் பகுதியில் பகலில் 55 டெசிபல், இரவில் 45. மருத்துவமனை, பள்ளி, நீதிமன்றத்தைச் சுற்றி 100 மீட்டர் அமைதி மண்டலம். 2005 ஜூலை 18 அன்று உச்ச நீதிமன்றம் கொடுத்த தீர்ப்பு இதற்கு இன்னும் வலு சேர்த்தது. 2022 ஜனவரி 1 முதல் ஆவடிக்குத் தனிப் போலீஸ் கமிஷனரேட் வந்தது. அதுவரை மைக் அனுமதிக்கு எந்த ஸ்டேஷனில், யாரைப் பார்த்தால் வேலை நடக்கும் என்று தெரிந்து வைத்திருந்த விழாக் குழுக்கள் புதிய மேஜைகளுக்கு நடக்க வேண்டியிருந்தது.

இந்தச் சட்டத்தின்மேல் எனக்குக் கோபம் இல்லை. கூம்பு ஸ்பீக்கரை வீட்டு ஜன்னலுக்கு நேராகக் கட்டிவிட்டு, ‘சாமி காரியம், கேட்கக் கூடாது’ என்று மிரட்டிய காலத்தில் பொதுத்தேர்வுக்குப் படித்த பிள்ளைகளும், நெஞ்சுவலியோடு படுத்திருந்த முதியவர்களும் இந்தத் தெருக்களில் இருந்தார்கள். அவர்களுக்காகப் பேச ஒரு விதி தேவைப்பட்டது.

ஆனால் அதே விதிகளில், கலாசார, மத விழாக்களுக்காக வருடத்தில் 15 நாள் வரை நள்ளிரவு பன்னிரண்டு மணி வரை அனுமதிக்கும் அதிகாரம் மாநில அரசுக்கு இருக்கிறது. ஆடி மாதம் முழுக்க எத்தனை தெரு, எத்தனை கோயில். பதினைந்து நாளை யாருக்குப் பிரித்துக் கொடுப்பது என்பது சிக்கல்தான். அம்பத்தூருக்கு ஒரு வெள்ளி, ஆவடிக்கு ஒரு சனி என்று வட்டாரவாரியாக நாள் குறித்து, முறையான ஒலிக்கட்டுப்பாட்டோடு அனுமதிக்க முடியாதா? கேட்டுப் பார்க்கவும் ஆள் வேண்டும். டி.ஜே.வை வைத்து ஏழு மணிக்குத் தொடங்கி பத்துக்கு முடிக்கிற விழாக் குழுவுக்கு இந்தக் கேள்வியே எழாது.

ஏழு மணிக்குத் தொடங்குவதிலும் ஒரு கஷ்டம் இருக்கிறது. பாடி மேம்பாலத்திலும் அம்பத்தூர் எஸ்டேட் சாலையிலும் வண்டிகள் ஊர்ந்துகொண்டிருக்கும் நேரம் அது. கேட்க வேண்டியவர்களில் பாதிப் பேர் இன்னும் வீடு வந்து சேர்ந்திருக்க மாட்டார்கள்.

பாட்டு யாருடையது?

2017 மார்ச்சில், அமெரிக்காவில் கச்சேரி செய்துகொண்டிருந்த எஸ்.பி.பி.க்கு, தன் பாடல்களை அனுமதியின்றி மேடையில் பாடக் கூடாது என்று இளையராஜா தரப்பிலிருந்து வக்கீல் நோட்டீஸ் போனது. நண்பர்கள் சண்டையாக அதை ஊர் பார்த்தது. புறநகர்க் குழுக்கள் அதை வேறு மாதிரிப் பார்த்தன. எஸ்.பி.பி.க்கே நோட்டீஸ் என்றால் நமக்கு?

படைத்தவருக்குப் பங்கு கொடுக்க வேண்டும் என்பதில் தகராறு இல்லை. பல பத்தாண்டுகளாக இசையமைப்பாளருக்கும் பாடலாசிரியருக்கும் ஒரு பைசா போகாமல்தான் மேடைகள் ஓடின. அதே சமயம், 1957-ன் காப்புரிமைச் சட்டத்திலேயே விலக்குகள் உண்டு. உண்மையான மதச் சடங்கின் பகுதியாக ஒரு பாடல் பாடப்பட்டால் அது உரிமை மீறல் ஆகாது. அமெச்சூர் குழு ஒன்று, கட்டணம் கொடுக்காத கூட்டத்துக்கு முன்னாலோ, ஒரு மத நிறுவனத்துக்கு உதவியாகவோ நிகழ்ச்சி நடத்தினாலும் மீறல் ஆகாது. கூலி வாங்கி வாசிக்கும் குழு அமெச்சூரா, ஆடித் திருவிழாவின் சினிமாப் பாட்டு சடங்கின் பகுதியா என்பதெல்லாம் வக்கீல்கள் மணிக்கணக்கில் வாதாடக்கூடிய சங்கதி. ஏழு பேர் கொண்ட குழுவின் தலைவருக்கு வக்கீல் வைக்க வசதி இல்லை. விழாக் குழு ‘ஏதாவது பிரச்சினை வருமா?’ என்று கேட்டால், ‘வராது’ என்று உறுதியாகச் சொல்லவும் அவருக்குத் தெரியாது. இந்தத் தயக்கம் ஒன்று போதும், அட்வான்ஸ் கைமாறாமல் போக.

டிக்கெட் வாங்குங்கள்

நேரடி இசையே செத்துவிட்டதா என்றால், ஈ.சி.ஆரில் போய்ப் பாருங்கள் என்பார்கள். சரிதான். 2023 செப்டம்பர் 10 அன்று பனையூரில் ஏ.ஆர்.ரஹ்மானின் ‘மறக்குமா நெஞ்சம்’ நிகழ்ச்சிக்கு வந்த கூட்டத்தில், டிக்கெட் வைத்திருந்தவர்களே உள்ளே போக முடியாமல் திரும்பினார்கள். முதல்வரின் வாகனமே போக்குவரத்து நெரிசலில் சிக்கியது. 2025-ல் அனிருத்தின் ‘ஹுக்கும்’ நிகழ்ச்சி, டிக்கெட் தேவை அதிகம் என்று திருவிடந்தையிலிருந்து கூவத்தூர்ப் பக்கம் மாற்றப்பட்டது. யுவனுக்கும் விஜய் ஆண்டனிக்கும் நந்தனம் ஒய்.எம்.சி.ஏ. மைதானம் நிரம்புகிறது.

கூவத்தூர் ஆவடியிலிருந்து ஏறக்குறைய நூறு கிலோமீட்டர். நாலு பேர் குடும்பம் காரோ கேப்போ வைத்துப் போய், டிக்கெட் எடுத்து, உள்ளே ஆளுக்கு ஒரு தண்ணீர் பாட்டில் வாங்கி, நள்ளிரவில் திரும்பினால் ஆகிற செலவுக்கு ஒரு சின்னத் தெரு, திருவிழாவையே நடத்திவிடும். 500 ரூபாய்க்கு மேற்பட்ட டிக்கெட்டுக்கு 18 சதவீதம் ஜி.எஸ்.டி. வேறு. அந்த ஐந்நூறுக்குள் டிக்கெட் வைத்து நிகழ்ச்சி நடத்தக்கூடிய நடுத்தர அரங்கம் ஒன்று அம்பத்தூர் முதல் பூந்தமல்லி வரை கிடைப்பது அரிது. கல்யாண மண்டபங்கள் ஏராளம். முகூர்த்த நாளில் கச்சேரிக்கு யார் வாடகைக்குக் கொடுப்பார்கள்? மாதம் ஒரு நாடகம், ஒரு பாட்டு என்று பள்ளிக்கூட அரங்கங்களில் ஒப்பேற்றிய சின்ன சபாக்களும் சந்தாதாரர்களுக்கு வயதானதோடு ஓய்ந்தன.

உச்சத்தில் இருப்பவர் மேலும் ஏற, நடுப்படி உடைவது இங்கே மட்டும் நடக்கவில்லை. பிரிட்டனில் 2023-ல் மட்டும் 125 சிறு இசைக்கூடங்கள் நேரடி நிகழ்ச்சிகளைக் கைவிட்டன. பெரிய அரங்க டிக்கெட் ஒவ்வொன்றிலிருந்தும் ஒரு பவுண்டு எடுத்துச் சிறு கூடங்களுக்குக் கொடுங்கள் என்ற கோரிக்கை அங்கே எழுந்து, சில கலைஞர்கள் தாங்களாகவே அதைச் செய்யவும் தொடங்கினார்கள். ஆஸ்திரேலியாவின் மிகப் பெரிய விழாக்களில் ஒன்றான ‘ஸ்ப்ளெண்டர் இன் தி கிராஸ்’ 2024-ல் ரத்தானது. அங்கெல்லாம் கணக்கு எடுக்கச் சங்கம் இருக்கிறது, கோரிக்கை வைக்க மேஜை இருக்கிறது. நம் ஊரில் ஒரு ஹீரோ இசையமைப்பாளரின் நிகழ்ச்சி டிக்கெட்டிலிருந்து பத்து ரூபாயை, அவர் பாட்டையே பாடிப் பிழைக்கும் குழுக்களுக்கு ஒதுக்கலாம் என்று யாராவது சொன்னால் சிரிப்பார்கள். சொல்லி வைக்கிறேன்.

அரசு ஒன்றும் செய்யவில்லை என்று சொல்ல முடியாது. 2007-ல் தொடங்கி இடையில் நின்றுபோன சென்னை சங்கமம் 2023 பொங்கலுக்குத் திரும்ப வந்தபோது, அம்பத்தூர் எஸ்.வி. விளையாட்டுத் திடலும் அதன் மேடைகளில் ஒன்று. பறை, கரகம், ஒயில், தேவராட்டம் எல்லாம் வந்தன. அக்கம்பக்கத்து ஜனம் பிள்ளைகளைத் தோளில் தூக்கிக்கொண்டு நின்று பார்த்தது. இலவசமாக, வீட்டுப் பக்கத்தில் நடந்தால் கூட்டம் வரும் என்பதற்கு வேறு சான்று வேண்டாம். கர்னாடக சங்கீதத்துக்கு சபா இருக்கிறது, கிராமியக் கலைக்குச் சங்கமம் இருக்கிறது. மெல்லிசைக் குழு இந்த இரண்டிலும் சேராது. சினிமாப் பாட்டு தன்னைத் தானே பார்த்துக்கொள்ளும் என்று எல்லோரும் நினைக்கிறார்கள். பாட்டு பார்த்துக்கொள்கிறது. வாசிக்கிறவர்கள்தான் 2020-லும் 2021-லும் தொடர்ந்து இரண்டு ஆடி மாதம் கொரோனாவால் மேடையே இல்லாமல் கிடந்தார்கள். பலர் கீபோர்டை விற்றார்கள், பைக்கில் சாப்பாடு கொண்டுபோய்க் கொடுக்கப் போனார்கள். திரும்பி வந்தவர்களைவிட வராதவர்கள் அதிகம் என்பது அந்தத் தொழிலில் இருப்பவர்கள் எல்லோரும் சொல்வது.

யார் இன்னும் வாசிக்கிறார்கள்?

மேற்குப் புறநகர்களில் இன்றும் ஆள் வைத்து வாசிக்கும் இடங்கள் என்று தேடினால், கல்யாண ரிசப்ஷன் முதலில் வரும். அங்கே பாடுவது ஒரு தனித் திறமை. மேடையில் மணமக்களோடு போட்டோ, கீழே பந்தி, நடுவில் பாட்டு. ‘சவுண்டக் கொஞ்சம் குறைங்க தம்பி, பேசிக்க முடியலை’ என்று பெண் வீட்டார் வந்து சொல்வார்கள். கைதட்டல் வராது. பணம் வரும். அதனால் ஆவணியும் தையும் குழுக்களைக் காப்பாற்றுகின்றன.

இரண்டாவது, வடக்கிலிருந்து வந்த தொழிலாளர்கள். பட்டரவாக்கம், அம்பத்தூர் எஸ்டேட் பக்கம் தகர ஷெட்டுகளிலும் சின்ன அறைகளிலும் தங்கியிருக்கும் பீகார், ஒடிசா, வங்க இளைஞர்கள் விஸ்வகர்மா பூஜைக்கும் ஹோலிக்கும் டோலக்கும் மஞ்சீராவும் வைத்துக்கொண்டு தாங்களே பாடுகிறார்கள். நாற்பது வருடத்துக்கு முன்பு விழுப்புரத்திலிருந்து வந்தவர் செய்ததைத்தான் இவர்களும் செய்கிறார்கள். காசு சேர்ந்து மேடை போடும் நிலைக்கு இவர்கள் வருவார்களா, இல்லை கான்ட்ராக்ட் முடிந்து வேறு ஊருக்குப் போய்விடுவார்களா என்பது, இந்தத் தொழிற்பேட்டை இனி யாரை நிரந்தரமாக வைத்துக்கொள்ளும் என்பதைப் பொறுத்தது.

மூன்றாவது, எதிர்பாராத இடம்: ஞாயிற்றுக்கிழமை ஆராதனை. ஆவடியிலும் திருநின்றவூரிலும் பூந்தமல்லி நெடுஞ்சாலையை ஒட்டியும் மாடியிலும் மண்டபத்திலும் நடக்கும் சின்னச் சின்ன சபைகளில் டிரம்ஸ் இருக்கிறது, பேஸ் கிட்டார் இருக்கிறது, வாரா வாரம் இரண்டு மணி நேரம் வாசித்தே ஆக வேண்டிய கட்டாயமும் இருக்கிறது. பத்து வயதில் அங்கே குச்சி பிடிக்கும் பையன் பதினேழு வயதில் நல்ல வாசிப்புக்காரனாகிவிடுகிறான். ட்ராக் போட்டு ஒப்பேற்ற அங்கே முடியாது. போதகர் எந்த இடத்தில் பாட்டை நிறுத்துவார், எந்த வரியை ஏழு முறை திருப்புவார் என்று யாருக்கும் தெரியாது, கண்ணைப் பார்த்துத்தான் வாசிக்க வேண்டும். ஆலை ரிக்ரியேஷன் கிளப் செய்த வேலையை இப்போது சபை செய்கிறது.

ஆடி வந்தால் மெல்லிசைக் குழுக்காரர்கள் ஆள் தேடி இந்தப் பையன்களுக்குத்தான் போன் அடிக்கிறார்கள். ஞாயிறு காலை அல்லேலூயாவுக்கு வாசித்த கை, வெள்ளி இரவு ஏழு மணிக்குக் கருமாரியம்மனுக்கு ஆக்டோபேட் தட்டுகிறது. விழாக் குழுவும் கேட்பதில்லை, போதகரும் பல சமயம் கண்டுகொள்வதில்லை. கூலி கையில் வந்ததா, ஒன்பது ஐம்பதுக்குள் கடைசிப் பாட்டு முடிந்ததா என்பதுதான் இரண்டு தரப்புக்கும் கவலை.